தொண்டிக் கரையில் ஸ்பூனில் புல் சிக்குவது: முள்ளை மாற்றுங்கள்

தொண்டிக் கரையில் மீன் பிடிக்க ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) வீசும் ஒவ்வொரு முறையும் கடற்புல் சிக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பூனில் இருக்கும் மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். சிக்கலில் பெரும்பகுதி இதிலேயே குறைந்துவிடும்.

அடுத்த காரணம், ரீலைச் சுற்றத் தொடங்கும் நேரமாக இருக்கலாம். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. ஸ்பூன் உலோகம், இரண்டு நொடி விட்டாலே புல்லுக்குள் இறங்கிவிடும். நீரைத் தொட்ட உடனே, கம்பு நுனியை உயர்த்திப் பிடித்துச் சுற்றுங்கள். நீர் ஏற்றத்தில் புல்லுக்கு மேல் தண்ணீர் அதிகம் நிற்கும். அந்த நேரத்தை விடாதீர்கள்.

ஒரு சோதனை: முழங்கால் நீரில் ஸ்பூனைப் பக்கத்திலேயே இழுத்துப் பாருங்கள். இருபுறமும் ஆடி வர வேண்டும். பம்பரமாகச் சுழன்றால் வேகம் அதிகம், தங்கூசியும் (தூண்டில் நைலான் நரம்பு) முறுக்கிக்கொள்ளும். ஆட்டமே இல்லையென்றால் முள்ளில் ஒரு புல் இழையாவது ஒட்டியிருக்கலாம். வீசியபின், ஸ்பூன் ஆடும் அதிர்வு கையில் நின்றதும் எடுத்துத் துடையுங்கள்.

புல் அடர்ந்த இடத்துக்கு ரப்பர் புழுதான். முள் நுனியைப் புழுவின் உடலுக்குள் திருப்பிச் செருகிவிடுங்கள், முன்னால் சிறிய கூம்பு ஈயம் போதும். புல் திட்டுகளுக்கு இடையே மணல் தெரியும் வெளிறிய இடங்களில் மெதுவாக இழுங்கள். கொடுவா அந்த ஓரங்களில்தான் காத்திருக்கும். கூர்பல் சீலா மீன் இருந்தால் புழு துண்டாகும், அப்போது ஸ்பூனுக்கே மாறி அதன் முன்னால் கம்பி கட்டுங்கள்.

வாடைக் காற்றில் அறுந்த புல் கரை முழுக்க மிதக்கும்போது இவை எதுவும் உதவாது. அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் போங்கள், ஆனால் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, நெருங்க வேண்டாம். கிழிந்த புழுவைக் கடலில் போடாதீர்கள், ஆமைகள் அதைத் தின்றுவிடும்.