பதினொரு மாதமா, மாதாமாதமா?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1 லட்சம். வண்டலூர் பக்கம் மண்ணிவாக்கத்தில் எங்கள் மனையில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். போன வாரம்தான் தளம் போட்டோம். தீபாவளிக்குள் சாவி கொடுத்துவிடுவதாக கான்ட்ராக்டர் சொல்கிறார். வாடகை ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. 5 சதவீதம் ஏற்றி மறுபடியும் 11 மாதத்துக்கு எழுத வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். மாதாமாதம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அது சரிப்படாது என்றுவிட்டார். ‘எதையும் எழுத வேண்டாம், வாடகையை மட்டும் போட்டுக்கொண்டே இருப்போம்’ என்கிறார் என் கணவர். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எது நல்லது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டைப் பற்றி அவ்வளவும் எழுதிவிட்டு, மகள் பத்தாம் வகுப்பு என்பதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சிபிஎஸ்இ பள்ளி என்றால் சற்று முன்னதாக முடியலாம். தீபாவளிக்கே வீடு தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய், அந்தப் பிள்ளையைத் தினமும் காலையில் வண்டலூர் பக்கத்திலிருந்து ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நங்கநல்லூர் பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்களா? மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் புது வீடு எப்போது முடிந்தாலும், ஏப்ரல் வரை உங்களுக்கு நங்கநல்லூர் வீடு வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எட்டு மாதம். இரண்டு மூன்று மாத இடைவெளியை ஒப்பேற்றுவதற்குத்தான் மாதாமாதம் உதவும். உங்களுக்குத் தேவைப்படுவது அதைவிட நீண்ட காலம்.

கான்ட்ராக்டர் சொன்ன தீபாவளிக்கு வருகிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தளம் போட்டு முடித்ததும் வீடு பாதிக்கு மேல் முடிந்துவிட்டது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காலத்தைச் சாப்பிடும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தளத்தைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அப்புறம் சுவரை வெட்டி ஒயரிங் பைப் பதிக்க வேண்டும், உள்பூச்சு, வெளிப்பூச்சு, பூசிய சுவரைத் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டும், பாத்ரூம், டைல்ஸ், கதவு ஜன்னல், பட்டி, பெயின்ட். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் கை வைக்க முடியும். தச்சர் நாலு நாள் வராவிட்டால் பெயின்டரும் வர மாட்டார். நடுவே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் டிசம்பர் வரை வெளிப்பூச்சும் பெயின்ட்டும் நின்று நின்றுதான் நடக்கும். ஈரம் காயாத சுவரில் அவசரமாகப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்துவிடும். தளம் போட்டதிலிருந்து குடிபோகும் நிலை வர ஐந்தாறு மாதம் வைத்துக்கொள்வதுதான் நியாயமான கணக்கு. அதாவது டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி. அது மார்கழி. மார்கழியில் நம் வீடுகளில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே தை பிறந்த பிறகுதான் கிருகப்பிரவேசம். கான்ட்ராக்டரிடம் ‘எப்போது முடியும்’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். உள்பூச்சு முடியும் தேதி, டைல்ஸ் தொடங்கும் தேதி, கதவுகள் வந்து இறங்கும் தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் தேதி எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அதைப் பார்த்தே மற்றதைக் கணித்துவிடலாம்.

இனி உங்கள் கணவர் சொல்லும் யோசனை. அதில் சட்டப்படி கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், அதே நிபந்தனைகளுடன் மாதாமாத வாடகையாக அது தொடர்வதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். ஆகஸ்ட் 31-க்குப் பிறகு ஆறு மாதம் என்றால் பிப்ரவரி கடைசி. பொதுத்தேர்வுக்குச் சரியாக முந்தைய நேரம்! காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் வீட்டுக்காரர் இரண்டு மடங்கு வாடகையை இழப்பீடாகக் கேட்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வாடகை நீதிமன்றத்துக்குப் போகாமல் அவர் உங்களை வெளியேற்றிவிட முடியாது, தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தவும் கூடாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளை தேர்வுக்குப் படிக்கும் வீட்டில் நோட்டீஸும் வாக்குவாதமும் எதற்கு? ஐந்து வருடம் நல்லபடியாக இருந்துவிட்டு, கடைசி சில மாதங்களில் எழுத்தில்லாமல் மௌனமாகத் தொற்றிக்கொண்டிருப்பது அவருக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

மாதாமாத வாடகையின் சுதந்திரம் இரண்டு பக்கமும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் நினைத்தபோது போகலாம் என்றால், அவரும் நினைத்தபோது போகச் சொல்லலாம். வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் மாத வாடகையை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும் என்பது 1882-லிருந்து இருந்துவரும் சொத்து மாற்றச் சட்டத்தின் பொது விதி. அவருக்கு டிசம்பரில் வேறு யாராவது கூடுதல் வாடகைக்கு வந்துவிட்டால், பெயின்ட் அடிக்காத வீட்டுக்கா போவீர்கள்? இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனால் தரகருக்கு ஒரு மாத வாடகை, புது அட்வான்ஸ், சாமான் ஏற்றி இறக்கும் கூலி. பிறகு சில மாதத்தில் அதே கூலி மறுபடியும். வீட்டுக்காரர் கேட்கும் 5 சதவீதம் மாதம் 900 ரூபாய். எட்டு மாதத்துக்கு 7,200. அந்தப் பணத்துக்காகப் பேரம் பேச வேண்டாம் என்பேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 11 மாதம் எழுதிக்கொடுத்தால் ஜூலை வரை மாட்டிக்கொள்வோம், குடியிராத மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டிவரும் என்று நினைக்கிறீர்கள். அதை முடிவு செய்வது 11 மாதம் என்ற எண் இல்லை, நோட்டீஸ் பற்றிய வரி. பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இரு தரப்பும் இத்தனை மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். லாக்-இன் என்று ஏதாவது போட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு முன் போனால் மீதி வாடகையும் கட்ட வேண்டும் என்று இருந்தால் மட்டும்தான் சிக்கல். புது ஒப்பந்தத்தில் அது இல்லாமல் பார்த்துக்கொண்டு, இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘வாடகைதாரர் இரண்டு மாதம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு வாடகை கிடையாது. உரிமையாளர் வரும் ஏப்ரல் 30-க்கு முன்பு காலி செய்யச் சொல்வதில்லை.’ இதில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது.

அவர் ஒத்துக்கொள்வாரா? அவர் இடத்திலிருந்து பாருங்கள். மாதாமாதம் என்றதும் அவருக்கு வருகிற கவலை, நீங்கள் திடீரென்று மார்கழியில் காலி செய்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். மார்கழியிலும் ஆடியிலும் சென்னையில் வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வீடு பூட்டியே கிடக்கும். நீங்கள் ஏப்ரல் கடைசியில் போகிறீர்கள் என்றால் அவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிவர வேண்டும் என்று மே மாதத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீடு தேடும். அவரிடம் போய் இதையே சொல்லுங்கள்: ‘சார், பாப்பாவுக்குப் பரீட்சை முடிகிற வரைக்கும் இருக்கிறோம், ஏற்றிக் கேட்ட வாடகையைத் தருகிறோம், மார்ச் முதல் தேதியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம், ஏப்ரலில் வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறோம்.’ ஐந்து வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர் இப்படிக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதியதை அப்படியே பீரோவில் வைத்துவிடாமல், சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவும் செய்துவிடுங்கள்.

பண விஷயத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வங்கி. இப்போது விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடன் தொகையின் கடைசிப் பகுதியை வங்கி கொடுத்ததும், அசலும் வட்டியும் சேர்ந்த முழு மாதத் தவணை (இஎம்ஐ) தொடங்கும். வீடு முடியாவிட்டாலும் குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு முழு இஎம்ஐ என்று விதி வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. உங்கள் வங்கியில் அது எந்த மாதம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தையில் வீடு முடிந்தால் ஏப்ரல் வரை மூன்று மாதமாவது இஎம்ஐயும் 18,900 வாடகையும் சேர்ந்து வரும். அதற்கான பணத்தை மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என்று பேச்சு எழும்போதே தனியாக ஒதுக்கிவிடுங்கள். கிச்சன் அலமாரி ஆறு மாதம் கழித்து வந்தாலும் சமையல் நடக்கும்.

இன்னொன்று, அந்த 1 லட்சம் அட்வான்ஸ். கட்டுமானத்தின் கடைசிச் செலவுக்கு அது வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தருவது என்பது பல வீட்டுக்காரர்களின் பழக்கம். சாவி ஒப்படைக்கும் நாளிலேயே தர வேண்டும், பெயின்ட்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று இந்தப் புதுப்பித்தலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்த இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கையில் பணம் இருக்கும், திருப்பி வாங்க வேண்டிய தொகையும் குறையும். அவர் சம்மதிக்காமல் நீங்களாகவே வாடகையை நிறுத்தக் கூடாது.

தையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுங்கள். அன்றிரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் நங்கநல்லூர் திரும்பலாம். நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. நடுவில் கிடைக்கும் மூன்று மாதத்தில் தண்ணீர்க் கசிவு, சுவர் விரிசல், ஒழுங்காக மூடாத கதவு எல்லாம் தெரிந்துவிடும். கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய கடைசித் தொகையில் கொஞ்சத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பிப்பதும் அந்த மாதங்களில் முடிந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் ஆகஸ்ட் 15-க்குள் பேசிவிடுங்கள். மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பரீட்சை முடிகிற வரை வீடு மாறப் போவதில்லை என்று.