கண்ணில் சுணை விழுந்தால்: கேள்வி பதில்

கதிரடிக்கும்போது வீட்டுக்காரர் கண்ணில் உமி விழுந்துவிட்டது. உறுத்துகிறது என்கிறார். என்ன செய்யலாம்? (மன்னார்குடி)

தேய்க்க விடாதீர்கள். குடிதண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஆகாது. முந்தானை முனையாலோ நாக்காலோ எடுக்க வேண்டாம். தூசி போன பிறகும் கருவிழியில் கீறல் இருக்கலாம். மருத்துவர் ஃப்ளோரசின் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும். வெறும் கீறல்தான் என்று உறுதியானால், வழக்கமாக 1% குளோராம்பெனிகால் என்ற பாக்டீரியாக் கொல்லிக் களிம்பு தருவார்கள்: அரிசி அளவு, கீழிமைக்குள், நாளுக்கு 3 வேளை, 3 நாள். அடிபட்ட அன்றோ மறுநாளோ தொடங்கினால்தான் பலன். வலி கூடினாலோ கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விடலாமா? (திருவையாறு)

இரண்டும் வேண்டாம். திறந்த புண்ணில் கிருமியை நாமே ஏற்றுவதாகும்.

கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் சிவப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் பார்வை மங்குகிறதே? (திருத்துறைப்பூண்டி)

புட்டியைத் திருப்பிப் பாருங்கள், ஐயா. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உடனே நிறுத்திவிட்டு, புட்டியோடு இன்றே மருத்துவரைப் பாருங்கள். நெல் வயலில் அடிபட்ட கண்ணில் ஃபியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகள் சாதாரணமாக வரும். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அமுக்கும். பூஞ்சையை எதிர்க்கும் உடம்பின் சக்தியையும் சேர்த்து அமுக்கும். வெளியே கண் தெளிந்தாற்போல இருக்கும், உள்ளே புண் ஆழமாகும். ஆறினாலும் பூ விழுந்துவிடும். ‘கண் சிவப்புக்கு ஒரு மருந்து’ என்று கேட்டதும் இதை எடுத்து நீட்டும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை.

அம்மாவுக்குப் பூஞ்சைப் புண். நேட்டமைசின் விட்டால் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தலாமா? (வேதாரண்யம்)

நிறுத்தாதீர்கள். அது மருந்தின் படிவு. 5% நேட்டமைசின் அடியில் தங்கும் மருந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கி விடுங்கள். முதலில் மணிக்கு ஒரு சொட்டு என்பார்கள், வாரக்கணக்கில் போகும். வலி போனதும் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் புண் திரும்புகிறது.

மெட்ராஸ் ஐயும் இந்தப் பூஞ்சைப் புண்ணும் ஒன்றா? (கும்பகோணம்)

இல்லை. அது பெரும்பாலும் வைரஸ், ஒட்டுவாரொட்டி. துண்டு, தலையணை, சொட்டு மருந்துப் புட்டி எதையும் பகிராதீர்கள். அதிலும் கடும் வலியோ வெளிச்சம் பட்டால் கூச்சமோ இருந்தால் காட்டிவிடுங்கள்.

கண்ணாடி போட்டால் வேர்வையில் மங்குகிறது என்று ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள். (நீடாமங்கலம்)

பக்கம் மூடி, காற்றுத் துளை உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். நாள் முழுக்க முடியாவிட்டால் கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும், சம்பாவுக்குப் பின் உளுந்து அடிக்கும்போதும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.