ஒன்றும் தென்படவில்லை என்று எழுதும் வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு மூன்று வாரம் விடுப்பு சேர்ந்திருக்கிறது. திமிங்கலம், டால்பின்களை ஆய்வு செய்யும் பாய்மரப் படகு ஒன்றில் பத்து நாள் தன்னார்வலராகச் சேரலாம் என்று ஓர் அறிவிப்பு பார்த்தேன். செலவுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். "காசும் கொடுத்து வேலையும் செய்வாயா, இது சுற்றுலாவுக்கு வேறு பெயர்" என்கிறார்கள் நண்பர்கள். நான் கணக்கு எழுதுகிறவன், உயிரியல் படித்ததில்லை. என்னால் அங்கே உண்மையில் ஏதாவது பயன் உண்டா? நீங்கள் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் பயன் அது இல்லை என்று நினைக்கிறேன்.

மத்தியதரைக் கடலில் நான் இருந்த பத்து நாளில் திமிங்கலம் பார்த்தது மூன்று நாள்தான். மற்ற நாளெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்தளத்தில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். மூன்றாமவர் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். நேரம், படகு இருக்கும் இடம், காற்று, அலை, மேகம், வெயில் எந்தப் பக்கம் கண்ணைக் கூசுகிறது, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் எத்தனை கப்பல், எல்லாம் அதில் ஏறும். விலங்கு என்ற கட்டத்தில் பூஜ்யம். அடுத்த வரியிலும் பூஜ்யம்.

இரண்டாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. படகின் ஆய்வாளரிடம் வாய்விட்டே கேட்டேன், எதற்கு இதையெல்லாம் எழுதுகிறோம் என்று. அவர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் தருகிறேன். பார்த்ததை மட்டும் எழுதினால், படகுகள் அதிகம் போகும் இடத்தில்தான் திமிங்கலம் அதிகம் என்று கணக்கு வரும். எத்தனை மணி நேரம் தேடினோம், எவ்வளவு தூரம் தேடினோம், கடல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பார்த்த எண்ணிக்கைக்கு அர்த்தம். வெள்ளை நுரை கிளம்பிவிட்ட கடலில் சின்ன டால்பின் பக்கத்தில் வந்தால்கூடத் தெரியாது. ஆக, அமைதியான கடலில் எழுதிய பூஜ்யமும் அலைக்கடலில் எழுதிய பூஜ்யமும் ஒன்றல்ல. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

சாதாரண ஆட்களின் கண் இந்தத் துறைக்கு என்ன செய்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கனடாவின் மேற்குக் கரையில் ஓர்க்காக்களை, அதாவது கறுப்பு வெள்ளைக் கொலைத் திமிங்கலங்களைப் பிடித்து மீன்காட்சியகங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம். அங்கே அவை ஆயிரக்கணக்கில் இருப்பதாக ஒரு நம்பிக்கை இருந்தது. 1971-ல் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் மீனவர்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள், படகோட்டிகள் என்று சுமார் 15,000 பேருக்குப் படிவம் அனுப்பி, குறிப்பிட்ட ஒரு நாளில் பார்த்த ஓர்க்காக்களை எண்ணி எழுதச் சொன்னார். கணக்குப் பார்த்தால் 350-ஐத் தாண்டவில்லை. படிவம் நிரப்பியவர்களில் எத்தனை பேர் உயிரியல் படித்திருப்பார்கள், சொல்லுங்கள். அப்புறம் அவரும் உடனிருந்தவர்களும் முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும், அதன் பின்னால் இருக்கும் சாம்பல் திட்டையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள்.

பாய்மரப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி அதுதான். எஞ்சினை அணைத்துவிட்டுப் போகலாம், ஆகவே கேட்கலாம். படகின் பின்னால் நீண்ட கேபிளில் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக், இழுபட்டு வரும். 1980-களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் என்ற திமிங்கல ஆய்வாளரும் குழுவினரும் டியூலிப் என்ற பத்து மீட்டர் பாய்மரப் படகில் திருகோணமலைக்கு அப்பால் ஸ்பெர்ம் திமிங்கலங்களின் (பெரிய தலையோடு ஆழத்துக்கு மூழ்கி இரை தேடும் இனம்) பின்னால் போனது இப்படித்தான், சத்தத்தைப் பிடித்துக்கொண்டே. அதற்கு முன் அந்த விலங்கைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி கொன்ற உடலை அறுத்துப் பார்த்துத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் இரவுக் காவலில் ஹெட்ஃபோன் என் காதில் இருந்தது. முதலில் தண்ணீர் இரைச்சல் மட்டும். அதற்கு அடியில், தூரத்தில் யாரோ ஆணி அடிப்பதுபோல டக், டக், டக். நொடிக்கு ஒன்றோ இரண்டோ, விடாமல். பழைய மாலுமிகள் இதைத் தச்சன் மீன் என்று சொன்னார்களாம், சரியான பெயர். இடையிடையே நின்று மறுபடி தொடங்கிய அந்தச் சத்தத்தை விடியும்வரை பின்தொடர்ந்தோம். வெளிச்சம் வந்த பிறகு ஒரு கட்டத்தில் டக்கென்று நின்றது. மேலே வருகிறது என்று அர்த்தம். எல்லோரும் தளத்துக்கு ஓடினோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மூச்சு, நீர்த்தூவலாக, நேராக இல்லாமல் முன்னால் இடப்பக்கமாகச் சாய்ந்து. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூக்குத் துவாரம் தலையின் முன்முனையில் இடப்பக்கம் இருப்பதால், அந்தச் சாய்வை வைத்தே எந்த இனம் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் போகவில்லை. பின்னால் தள்ளி நின்று காத்திருந்தோம். பத்து நிமிடம் போல மூச்சு வாங்கிவிட்டு முதுகை வளைத்தது, வால் முழுதாக மேலே வந்தது, இரண்டு நொடி. கேமராக்காரர் எடுத்தது அந்த வாலின் ஓரத்தை. அதில் இருக்கும் கிழிசலும் வெட்டும்தான் அதன் அடையாள அட்டை. எனக்குக் கொடுத்த வேலை நேரத்தையும் படத்தின் எண்ணையும் எழுதுவது. கை நடுங்கியது. சரியாக எழுதினேன்.

சரி, நண்பர்கள் சொல்வதற்கு வருவோம். கட்டும் பணத்தில்தான் படகு ஓடுகிறது, ஆய்வாளருக்குச் சம்பளம் போகிறது. அதில் தவறில்லை. ஆனால் ஆய்வு என்ற பெயரில் வெறும் சவாரி விற்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அந்த அனுபவமும் உண்டு. வேறொரு கடலில், வேறொரு படகில், டால்பின் கூட்டத்தை எஞ்சின் போட்டு மூன்று முறை வழிமறித்தார்கள், கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக. கூட்டத்தில் பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்று இருந்தது. வயிற்றுக்குள் மடிந்து கிடந்த தடம் விலாவில் வெளிறிய கோடுகளாக இன்னும் மறையவில்லை. தாய் ஒவ்வொரு முறையும் அதைத் தன் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு திரும்பியது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். சேகரிக்கும் தகவல் எங்கே போகிறது? அதிலிருந்து ஏதாவது கட்டுரை வெளிவந்திருக்கிறதா? விலங்கை நெருங்க அனுமதி வைத்திருக்கிறார்களா, எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள்? ஆய்வாளர் படகிலேயே இருப்பாரா? திமிங்கலம் நிச்சயம் என்றோ, டால்பினோடு நீந்தலாம் என்றோ சொன்னால் வேண்டாம், விட்டுவிடுங்கள். பார்க்க முடியாமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்கிறவர்களை நம்பலாம்.

குமட்டல் வரும். மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வந்த பிறகு போட்டால் உள்ளே தங்காது. எது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும். பேனாவை நம்பாதீர்கள், ஈரத்தில் எழுதாது. பென்சில் நாலைந்து எடுத்துப்போங்கள்.

திரும்பி வந்ததும் எழுதுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் தேடினீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா