வெளிநாடு போகும் சீனர்களை ஊரில் என்ன சொல்கிறார்கள்? கேள்விகளும் பதில்களும்

சீனாவின் தென்கிழக்குக் கடலோரத்தில் உள்ள ஃபூஜியன் மாகாணத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். குடும்பத்தில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய பகுதி அது. கேட்டிருந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தில்: நாட்டை விட்டுப் போகிறவர்களை அங்கே துரோகி என்கிறார்களாமே, உண்மையா?

இணையத்தில் அப்படி எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் ஊரில், போவதை மட்டும் வைத்துப் பெரும்பாலும் யாரும் யாரையும் திட்டுவதில்லை. போன பிறகு சொந்த ஊரைக் குறைத்துப் பேசினால் கோபம் வருகிறது, ஊர்ப் பணத்தை அள்ளிக்கொண்டு போனால் அதைவிடக் கோபம் வருகிறது. உழைத்துச் சம்பாதிக்கப் போனவனை, அதுவும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனை, தென்கடலோர ஊர்களில் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

வள்ளி: முன்பு கடல் தாண்டவே தடை இருந்ததாகப் படித்தேன்.

ஆமாம். சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் (Qing) அரசர்கள் ஆட்சிக்கு வந்த புதிதில், தைவானில் இருந்த எதிரிகளுக்கு உதவி போகக்கூடாது என்று கடலோர மக்களையே உள்நாட்டுக்குத் துரத்தினார்கள். 1740ல் பதாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொன்றார்கள். அப்போதுகூட, முன்னோர் கல்லறையை விட்டுவிட்டு லாபம் தேடிப் போனவர்கள்தானே என்றுதான் அரசு தரப்பில் பேசினார்கள். 1893ல்தான் தடையை முறைப்படி நீக்கினார்கள். அப்புறம் எல்லாம் தலைகீழ். 1909 சட்டப்படி, அப்பா சீனர் என்றால் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் சீனர். சிங்கப்பூரில் ரப்பரில் சம்பாதித்த டான் கா கீ 1921ல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார், இன்றும் அந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும்.

ஆனால் மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் (1966-76) வெளிநாட்டில் சித்தப்பா இருக்கிறார் என்பதே வினையானது. கடிதம் வந்தாலே சந்தேகப்பட்டார்கள், வேலையும் படிப்பும் பறிபோனவர்கள் உண்டு. 1978ல் பொருளாதாரத்தைத் திறந்துவிடத் தொடங்கிய பிறகு அதே சித்தப்பாவின் முதலீடு அரசுக்கே தேவைப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு சியாமெனையும் ஷான்டோவையும் தேர்ந்தெடுத்ததற்கு இந்த உறவுகளும் ஒரு காரணம். ஒரே குடும்பம் ஒரே தலைமுறைக்குள் இரண்டையும் பார்த்துவிட்டது. அந்தப் பெரியவர்கள் இன்றும் இந்த விஷயத்தை அளந்துதான் பேசுவார்கள்.

ரஹீம்: கிராமங்களில் எப்படி?

ஃபூஜியனின் தலைநகர் ஃபூசோ பக்கம் சாங்லே என்ற ஊர். 1980களிலிருந்து நியூயார்க்குக்குத் திருட்டுத்தனமாக ஆள் போன இடம். நான் போன ஒரு வீடு ஐந்து மாடி. முகப்பு முழுக்க பளபளவென்று டைல்ஸ், வாசலில் கல் சிங்கங்கள். மூன்றாவது மாடிக்கு மேல் பூச்சுவேலைகூட நடக்கவில்லை, வெறும் செங்கல். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பேரக்குழந்தைகளும் மட்டும். அந்தக் குழந்தைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற அப்பா அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாமல் கைக்குழந்தையாக இங்கே அனுப்பப்பட்டவர்கள். போனில் அம்மா முகம் வந்ததும் சின்னவன் பாட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அந்த வீட்டைக் காட்டித்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனைத் திட்டுகிறார், நீ ஏன் இன்னும் போகவில்லை என்று. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1993ல் கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் நியூயார்க் கரையில் தரைதட்டியது. உள்ளே 286 பேர், பெரும்பாலும் ஃபூஜியன்காரர்கள், 10 பேர் இறந்தார்கள். ஆளுக்கு சுமார் 30,000 டாலர் பேசி ஆள்கடத்தல்காரர்கள் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கடனோடு வெறுங்கையாகத் திரும்பினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

மீனா: ஒரே பிள்ளையை அனுப்பிவிட்ட பெற்றோர்?

பெற்றோர் இருக்கும்போது தூரதேசம் போகாதே, போனால் எங்கே என்று தெரியும்படி போ என்று கன்பூசியஸ் சொன்னார். இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறார்கள். மகள் டொராண்டோவில் என்று சொல்லும்போது பெருமைதான், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஆள் இல்லாதபோது அந்தப் பெருமை உதவாது. வயதான பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடல் தாண்டி இருக்கிறவளை அந்தச் சட்டம் என்ன செய்யும்?

பிரபாகர்: நம் ஓ.சி.ஐ. அட்டை மாதிரி அவர்களுக்கு ஏதாவது உண்டா?

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நாம் தருகிற அந்த அட்டை மாதிரி அங்கே இல்லை. 1980 குடியுரிமைச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டில் குடியேறி அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் சீனக் குடியுரிமை தானாகப் போய்விடும், ஹூகோ என்ற குடும்பப் பதிவையும் நீக்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட் மாற்றுவது பலருக்கு உறவை அறுப்பது மாதிரி தெரிகிறது. நடிகை கோங் லி 2008ல் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியபோது இணையத்தில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அருள்: படிக்கப் போன மாணவர்கள் மீது ஏன் அவ்வளவு கோபம்?

2017ல் மேரிலாந்து பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஒரு சீன மாணவி, அமெரிக்காவின் காற்று சுத்தமாக இருக்கிறது, பேச்சுரிமையும் அப்படித்தான் என்ற பொருளில் பேசினாள். ஊரிலிருந்து வந்த வசவு தாங்காமல் மன்னிப்புக் கேட்டாள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து மாணவர்கள் திரும்பியபோது, நாட்டைக் கட்ட வரவில்லை, நோயைச் சுமந்துவர மட்டும் முதல் ஆளா என்று கேட்டார்கள். பெற்ற ஊருக்குத் திரும்புகிற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? இரண்டே வருடத்தில் கொரோனாவைக் காரணம் காட்டி ஷாங்காய் நகரம் முழுவதையும் பூட்டி வைத்தார்கள். போனவர்களைத் திட்டிய அதே இணையத்தில் எப்படிக் கிளம்புவது, எந்த நாட்டில் விசா சுலபம் என்ற விசாரிப்பு பெருகியது.

கவிதா: அதிகாரிகள் குடும்பத்தை அனுப்பிவிடுவது பற்றி?

இதில்தான் மக்கள் கோபம் நியாயமானது. மனைவி மக்களை வெளிநாட்டில் குடியமர்த்திவிட்டு, இங்கே தனியாகப் பதவியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ‘நிர்வாண அதிகாரி’ என்றே பெயர். 2014ல் அப்படிப்பட்டவர்களுக்குப் பதவி உயர்வு கூடாது என்று விதி வந்தது, குவாங்டோங்கில் நூற்றுக்கணக்கானவர்களைப் பதவி மாற்றினார்கள்.

தாமஸ்: படித்துத் திரும்பினால் மதிப்பு இருக்கிறதா?

முன்பு இருந்த அளவு இல்லை. 1978 முதல் 2019 வரை சுமார் 65 லட்சம் பேர் படிக்கப் போனார்கள், 42 லட்சம் பேர் திரும்பினார்கள் என்பது அரசுக் கணக்கு. அத்தனை பேர் இருக்கும்போது வெளிநாட்டுப் பட்டம் தனிச் சிறப்பாகத் தெரிவதில்லை. சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஏசி தயாரிக்கும் கிரீ நிறுவனத்தின் தலைவர் டோங் மிங்சூ 2025ல், வெளிநாட்டில் படித்தவர்களை எடுக்கமாட்டோம், அவர்களில் உளவாளிகள் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு சீனாவிலேயே பலமான எதிர்ப்பு வந்தது, அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நித்யா: என் அலுவலகத்தில் ஒரு சீனத் தோழி இருக்கிறாள். எப்போது ஊருக்குத் திரும்புவாய் என்று கேட்கலாமா?

நாலு பேர் முன்னால் வேண்டாம். குடியுரிமை வாங்கிவிட்டாயா என்று கேட்கவே வேண்டாம், சிலர் அதைச் சொந்தக்காரர்களிடமே சொல்லியிருக்கமாட்டார்கள். அம்மா அப்பா எப்படி இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் மீதியை அவளே சொல்வாள்.