சிறிய உணவகத்தின் கழிப்பறையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

முதலில் கதவைப் பாருங்கள், பல இடங்களில் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடுகிறது. திறந்தால் 90 செ.மீ. வழி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே மறித்துவிடும்.

நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் காலியாக இருக்க வேண்டும் (வாளியும் துடைப்பமும் அங்கேதான் வந்து சேரும், கவனம்). வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் சரி. கைப்பிடிக் கம்பியை டைல்ஸோடு நிறுத்தாமல் சுவருக்குள் ஆழமாக இறக்கச் சொல்லுங்கள். ஆள் பாரம் முழுக்க அதில்தான் விழும். அப்புறம், கழுவிக்கொள்ளும் கைக்குழாய் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும்.

இது விருப்பப்பட்டால் செய்யும் உதவியல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவை நிறுவனங்களுக்கும் பொருந்தும்.