விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை: புதிதாக இணைத்த கணினிகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கும் என் மகளுக்காக, பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி ஒன்றை இணைத்தோம். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), தனி கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அதில் உள்ளன. பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன. திரையில் எதுவும் வருவதில்லை. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தபடி இருக்கிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடி போட்டுப் பார்க்கிறோம்; பலன் இல்லை. அருகிலுள்ள கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மதர்போர்டை மாற்றும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு செய்திகளே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. ஒன்று, அந்த மஞ்சள் விளக்கு. மற்றொன்று, அரை நிமிடத்தில் அணைத்துவிடுகிறீர்கள் என்பது.

இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் (விண்டோஸ் போன்றவற்றை ஏற்றும் கட்டம்) ஆகிய நான்குக்கும் தனித்தனியே சிறு விளக்குகள் உண்டு. கணினி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு வரும்போது இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் வேலை நின்றிருக்கிறது என்று பொருள். பல போர்டுகளில் மஞ்சள் ராமுக்கு உரியது. நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம் என்பதால், விளக்கின் அருகில் அச்சிடப்பட்டிருக்கும் சிறு எழுத்துகளை ஒரு கைவிளக்கின் வெளிச்சத்தில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்பதாலேயே ராமில் பழுது என்று ஆகிவிடாது. டிடிஆர்5 ராம், தன் அடிப்படை வேகமான 4800இல் இயங்கும்போதே, ஒவ்வொரு தரவுத் தடத்திலும் நொடிக்கு 480 கோடி முறை தகவலை அனுப்புகிறது. இந்த வேகத்தில், மதர்போர்டில் ஓடும் செப்புத் தடங்களின் நீளத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடுகூடத் தகவல் வந்து சேரும் நேரத்தைப் பிசகச் செய்துவிடும். அதனால், கச்சேரிக்கு முன் தம்புராவின் ஒவ்வொரு தந்திக்கும் சுருதி சேர்ப்பது போல, புதிய ப்ராசஸரும் புதிய ராமும் முதன்முறை சந்திக்கும்போது கணினி ஒவ்வொரு தடத்துக்கும் உரிய நேரத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து பொருத்திக்கொள்கிறது. இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். 2022 செப்டம்பரில் ஏஎம்5 சாக்கெட்டுடன் (ப்ராசஸர் உட்காரும் இடம்) வெளிவந்த ரைசன் 7000 வரிசையில் இந்த முதல் அளவீடு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இயல்பானது. ராமின் அளவு கூடக் கூட நேரமும் கூடும். அந்த நேரம் முழுவதும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். இடையில் கணினி தானே ஒருமுறை அணைந்து மறுபடி எழுவதும் உண்டு. நீங்கள் அரை நிமிடத்தில் அணைக்கும் ஒவ்வொரு முறையும், பாதியில் நின்ற அந்த அளவீடு அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். மின்தடை வராத நேரமாகப் பார்த்து, மானிட்டர் கம்பியை கிராபிக்ஸ் கார்டில் செருகி, கணினியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், இதிலேயே திரை வந்துவிடுவதற்கான வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

அப்படியும் வரவில்லை என்றால், பாகங்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றுவதற்கும் முன், மின்சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு ராம் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றொன்றை, நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் பொருத்துங்கள். இரண்டையும் சேர்த்துப் போடும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் உரிய இடங்கள். பெரும்பாலான போர்டுகளில் தடங்கள் அந்த ஸ்லாட்டுகளில் போய் முடிவதால், அவற்றைக் காலியாக விட்டு முதலாவதிலும் மூன்றாவதிலும் போட்டால், எஞ்சி நிற்கும் தடத்தின் நுனியிலிருந்து அலை திரும்பி வந்து தகவலைக் கெடுக்கும். பல போர்டுகளில் ராமைப் பிடிக்கும் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. கொக்கி பூட்டிக்கொண்டதைப் பார்த்து நிறுத்திவிடுகிறோம். கொக்கி இல்லாத முனை மேலேயே நின்றிருக்கும். இரு முனைகளையும் கட்டைவிரலால் சமமாக அழுத்திப் பாருங்கள். ஒரு ராமில் வராவிட்டால் மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே கால் மணி நேரப் பொறுமை தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து கிராபிக்ஸ் கார்டையும் கழற்றிவிடலாம். ரைசன் 5 7600 ப்ராசஸருக்குள்ளேயே சிறியதொரு கிராபிக்ஸ் இருப்பதால், மானிட்டரை நேராக மதர்போர்டில் இணைத்துச் சோதிக்க முடியும். போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கென்று இருக்கும் 8 முனை மின் இணைப்பையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு வகை 8 முனைக் கம்பிகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். நான்கும் நான்குமாகப் பிரிவது ப்ராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அழுத்திச் செருக முயலவே கூடாது. கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு மாடலின் கம்பியை, அது ஒரே நிறுவனத்துடையதாக இருந்தாலும், கடன் வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளின் வரிசை மாறியிருந்தால் போர்டும் வட்டுகளும் ஒரே நொடியில் கருகிவிடும்.

இதற்குப் பிறகும் அதே விளக்கு நின்றால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்து, பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அமைப்புகளை அழித்துவிட்டுப் பாருங்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது, ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரையும் சாக்கெட்டையும். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 நுண்ணிய முனைகள் போர்டின் பக்கம் இருக்கின்றன. ராமுக்குப் போகும் தடங்களும் அவற்றின் வழியாகத்தான் செல்கின்றன. ஆகவே கூலரின் ஸ்குரூக்கள் ஒரு பக்கம் அதிகமாக இறுகியிருந்தாலோ, முனை ஒன்று வளைந்திருந்தாலோ, அது ராம் பழுது போலவே தோன்றும். ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குவதே முறை. சாக்கெட்டைத் திறந்து முனைகள் வளைந்திருப்பதைப் பார்த்தால் நீங்களே நிமிர்த்த முயலாதீர்கள்.

கடைக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், நன்றாக இயங்குகிறது என்று தெரிந்த ஒரு டிடிஆர்5 ராமை உங்கள் போர்டிலும், உங்கள் ராமை வேறொரு போர்டிலும் உங்கள் கண் முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ப்ராசஸரையும் அவ்வாறே வேறொரு போர்டில் சோதிக்கச் சொல்ல வேண்டும். மாற்றுப் பாகம் வைத்துப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்வதைச் சோதனை என்று ஏற்க முடியாது. ஒரு குடும்பம் சேமித்து வாங்கிய பொருளின் மீது அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்பவருக்கு, அதை நிறுவிக் காட்டும் கடமையும் இருக்கிறது.

திரை வந்தபின் ஒரு குறிப்பு: ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும். இயக்கியவுடன் அளவீடு மறுபடி நடக்கும். அப்போதும் திரை சில நிமிடம் கறுப்பாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம்.

கேள்வி: ஐ5 12400எஃப் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் போட்டு இணைத்த கணினியில் எல்லாம் ஓடுகிறது, நோ சிக்னல் என்று மட்டும் மானிட்டர் காட்டுகிறது. எந்த விளக்கும் எரியவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: எந்த விளக்கும் நிற்கவில்லை என்றால் கணினி தன் சோதனையை முடித்துவிட்டது. மானிட்டர் கம்பி மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ப்ராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. கம்பியைக் கீழே, படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பழைய இருப்பில் இருந்த பி660 போர்டு ஒன்று விலை குறைவாகக் கிடைத்தது. ஐ5 14400எஃப் போட்டால் ப்ராசஸருக்கான சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. சாக்கெட் பொருந்துகிறதே, பிறகு ஏன்?
– வாசகர், கோவை

பதில்: சாக்கெட் பொருந்துவது முதல் நிபந்தனை மட்டுமே. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறை ப்ராசஸர்கள் உட்காரும். 12ஆம் தலைமுறை 2021இன் இறுதியில் வந்தது. அதற்காக உருவான 600 வரிசைப் போர்டுகளின் தொடக்ககால பயாஸுக்குப் பின்னால் வந்த ப்ராசஸர்களைத் தெரியாது. தெரியாத ப்ராசஸரைக் கண்டால் போர்டு அங்கேயே நின்றுவிடும். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போனால், எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும்.

போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் ப்ராசஸரே இல்லாமல்கூட பயாஸைப் புதுப்பித்துவிடலாம். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பைக் கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றி அதில் வைத்து, அதற்கென்று குறியிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போய்விடக் கூடாது என்பதால், யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இந்தப் பொத்தான் இருப்பதில்லை. அப்படியானால், 12ஆம் தலைமுறை ப்ராசஸர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, அதைத் தற்காலிகமாகப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இது கடினமான வேலை அல்ல. பழைய இருப்பை விற்கும் கடைக்காரரே பயாஸைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் நியாயம். வாங்கும்போதே அதைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் விசிறிகூட அசையவில்லை. ஆனால் கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இவை இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை என்று கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சுரீர் உணர்வை முதலில் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உலோகக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் சிறிதளவு மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். வீட்டுச் சுவர் பாயின்டில் எர்த் இல்லாவிட்டாலோ, மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகியிருந்தாலோ, அது கேபினெட்டிலேயே தங்கி உங்கள் கையைத் தேடுகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யும் வரை அந்தக் கணினியை இயக்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

விசிறி அசையாததற்குக் காரணம், பெரும்பாலும் கேபினெட் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி தவறான ஊசிகளில் மாட்டப்பட்டிருப்பதே. எர்த் சரியானதும், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, 24 முனை இணைப்பு கொக்கி மாட்டும் வரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையேட்டின் படத்தில் பவர் சுவிட்சுக்கு உரியதாகக் காட்டியிருக்கும் இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடச் செய்யுங்கள். விசிறி சுழன்றால் பழுது பொத்தானிலோ அதன் கம்பியிலோதான். அப்போதும் அசையாவிட்டால் மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ராம் ஆகியவற்றுடன் மட்டும் இயக்கிப் பாருங்கள். வெளியே இயங்கி உள்ளே இயங்காத போர்டு, கேபினெட்டில் எங்கோ ஷார்ட் ஆகிறது. போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கும் ஒரு பித்தளை ஸ்டாண்டு அடிப்பக்க இணைப்புகளைத் தொட்டுக்கொண்டிருப்பதே அதற்கு வழக்கமான காரணம்.

கேள்வி: பயாஸ் திரை வருகிறது, ஆனால் விண்டோஸ் போட முடியவில்லை. பென் டிரைவையும் காட்டவில்லை, எம்.2 எஸ்எஸ்டியையும் காட்டவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: பென் டிரைவின் சிக்கல் வேறு, எஸ்எஸ்டியின் சிக்கல் வேறு. விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து கணினி எழாது; மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் அதைத் தயாரிக்க வேண்டும். எஸ்எஸ்டியைக் கழற்றி, அதன் தங்கநிற முனையைப் பாருங்கள். வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் அது என்விஎம்இ வகை. இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை. இரண்டும் ஒரே அளவில்தான் இருக்கும், ஒரே துளையில் நுழையும். ஆனால் இன்றைய போர்டுகள் பலவற்றின் எம்.2 துளைகள் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். உங்களுடையது சாட்டா வகையாக இருந்து, கையேட்டில் அந்தத் துளைக்கு சாட்டா குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த எஸ்எஸ்டியில் எந்தக் குறையும் இல்லை. பெட்டி கெடாமல் எடுத்துச் சென்று என்விஎம்இ வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.