சுருள் கேலக்ஸிகளில் நட்சத்திரப் பிறப்பு: கேள்வி பதில்

எம்51 என்ற சுருள் கேலக்ஸியின் படத்தைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: ஐயா, நட்சத்திரங்கள் எல்லாம் கரங்களில் (சுருளாக வளைந்து தெரியும் ஒளிப்பட்டைகளில்) தான் இருக்கின்றனவா? இடையில் தெரியும் இருட்டு வெற்றிடமா?

ப: வெற்றிடம் கிடையாது. கரங்களுக்கு நடுவிலும் நட்சத்திரங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் வயதானவை, மங்கலானவை. கரங்களில் இருக்கும் நீல நட்சத்திரங்கள் எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் ஒளியில் மற்றதை எல்லாம் மிஞ்சிவிடும். அந்த நீல நிறமே ஒரு துப்பு. சூரியனைப் போல் 40 மடங்கு நிறையுள்ள நட்சத்திரம் சுமார் 50 லட்சம் ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடும். சூரியனின் ஆயுளோ 1,000 கோடி ஆண்டு. பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போக அந்த நீல நட்சத்திரத்துக்கு அவகாசமே இல்லை. நீலம் தெரியும் இடத்தில் அண்மையில் பிரசவம் நடந்திருக்கிறது என்று பொருள்.

கே: கேலக்ஸி சுழலும்போது கரமும் சேர்ந்துதானே சுழலும்? பிறகு ஏன் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு போகவில்லை?

ப: அதிகம் பேர் கேட்டது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தன் 72 அங்குலத் தொலைநோக்கியில் எம்51இன் சுருளை முதன்முதலில் கண்டார். அது ஏன் அவிழாமலும் இறுகாமலும் இருக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. நம் சூரியன் நம் கேலக்ஸியான பால்வெளியின் மையத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 23 கோடி ஆண்டு ஆகிறது. மையத்துக்கு அருகில் இருப்பவை இதைவிடச் சீக்கிரம் சுற்றி முடிக்கும். கரம் என்பது ஒரே நட்சத்திரங்களால் ஆன பட்டை என்றால் சில சுற்றுகளிலேயே இறுகிச் சுருண்டு காணாமல் போயிருக்க வேண்டும். சூரியன் பிறந்த பிறகு மட்டுமே இருபது சுற்றுகள் ஆகிவிட்டன!

1964இல் லின், ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அடர்த்தி அலைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். காற்றடிக்கும்போது நெல்வயலைப் பாருங்கள்: அலை ஓடும், பயிர் நின்ற இடத்திலேயே நிற்கும். அலை வேறு, பயிர் வேறு. கேலக்ஸியில் கரம்தான் அந்த அலை. ஒரே வித்தியாசம், அங்கே நட்சத்திரங்களும் நகர்கின்றன. கேலக்ஸி வட்டின் உட்பகுதியில் அலை அவற்றைவிட மெதுவாகப் போகிறது. அதனால் நட்சத்திரங்களும் வாயுவும் பின்னாலிருந்து வந்து அதற்குள் புகுந்து, நெருக்கமாகி, முன்பக்கம் வெளியேறுகின்றன. எல்லாச் சுருள்களுக்கும் இது பொருந்தாது. துண்டு துண்டாகக் கரங்கள் உள்ளவற்றில் அவை தோன்றித் தோன்றி மறைகின்றன. ஆனால் எம்51 போன்ற தெளிவான இரட்டைக் கரங்களுக்கு இந்தப் படம் நன்றாகவே பொருந்துகிறது.

இப்போது எம்51 படத்தைப் பெரிதாக்கி, ஒரு கரத்தின் உள்விளிம்பில் விரலை வையுங்கள். முதலில் கறுப்பாக ஒரு தூசிக் கோடு. வாயு வந்து மோதி நெருங்கும் இடம் அது. விரலை வெளிப்பக்கமாக நகர்த்தினால் மணி மணியாய் இளஞ்சிவப்புத் திட்டுகள் வரும். இன்னும் நகர்த்தினால் நீலக் கொத்துகள். வாயு நட்சத்திரமாகும் கதையை நீங்கள் வரிசையாகக் கடந்து வந்திருக்கிறீர்கள்.

கே: அப்படியென்றால் கரம்தான் நட்சத்திரங்களை உண்டாக்குகிறது என்று சொல்லலாமா?

ப: சேர்த்துக் கொடுக்கிறது என்று சொல்வது சரியாக இருக்கும். இருக்கும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால், தெளிவான கரங்கள் உள்ள கேலக்ஸியும் துண்டுக் கரங்கள் உள்ள கேலக்ஸியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நட்சத்திரம் உண்டாக்குகின்றன.

கே: இளஞ்சிவப்பு நிஜ நிறமா, கணினியில் பூசியதா?

ப: நிஜம்தான். இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர் ஹைட்ரஜனின் எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அது திரும்பச் சேரும்போது 656.3 நானோமீட்டரில் சிவப்பு ஒளி வரும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களின் ஆரஞ்சு நிறம் வேறு கதை. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நாம் கொடுத்த நிறம். 2024 ஜனவரியில் வெளியான 19 சுருள் கேலக்ஸிப் படங்களில் தூசி இழை இழையாகவும், நடுவே குமிழி குமிழியாகவும் தெரியும். அந்தக் குமிழிகளை அடுத்த பதிலுக்காக நினைவில் வையுங்கள்.

கே: வாயு மேகம் இவ்வளவு இருக்கிறதே, ஏன் எல்லாம் ஒரேயடியாக நட்சத்திரம் ஆகவில்லை?

ப: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பால்வெளியில் மூலக்கூறு வாயு (நட்சத்திரங்கள் உருவாகும் குளிர்ந்த வாயு) ஏறக்குறைய 100 கோடி சூரிய நிறை அளவுக்கு இருக்கிறது. வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின், அதாவது மைனஸ் 260 டிகிரியை ஒட்டிய குளிர். ஈர்ப்பு மட்டும் வேலை செய்தால் அது சில லட்சம் ஆண்டுகளிலிருந்து சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் சரிந்து, ஆண்டுக்குச் சில நூறு சூரியன்கள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறப்பது ஒன்றிரண்டு சூரியன் அளவுதான்.

வாயுவின் கொந்தளிப்பும் காந்தப்புலமும் சுருக்கத்தை எதிர்க்கின்றன. அதைவிட முக்கியம், பிறந்த பிள்ளைகளே தொட்டிலைக் கலைத்துவிடுகின்றன. பெரிய நட்சத்திரம் எரியத் தொடங்கியதும் அதன் கதிரும் காற்றும், பிறகு அது இறக்கும்போது நிகழும் சூப்பர்நோவா வெடிப்பும், சுற்றியிருக்கும் மேகத்தை ஊதித் தள்ளுகின்றன. வெப் படத்தில் பார்த்த குமிழிகள் அவைதான். ஒரு மேகத்தில் நட்சத்திரமாவது சில சதவீதமே. மீதி மறுபடி வட்டில் கலந்துவிடும்.

கே: இவ்வளவு குளிர்ந்த மேகம் ஒளி தராதே, பிறகு எப்படி எடை போட்டார்கள்?

ப: அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய ஊமை. அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையில் பேசும். 1970இல் ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு மேகத்தில் அதைக் கண்டார்கள். அதை வைத்து ஹைட்ரஜனைக் கணக்கிடுகிறோம்.

கே: பக்கத்துக் கேலக்ஸியான ஆன்ட்ரொமீடா நம்முடையதைவிடப் பெரியது, அங்கே நட்சத்திரப் பிறப்பு இன்னும் அதிகமா?

ப: குறைவு. ஆண்டுக்கு ஒரு சூரியன்கூட இல்லை. அதுவும் மையத்திலிருந்து சுமார் 33,000 ஒளியாண்டில் உள்ள ஒரு வளையத்தில்தான் அதிகம்.

கே: நம் வாயு தீர்ந்துவிடாதா?

ப: ஆண்டுக்கு இரண்டு சூரியன் என்றால் மூலக்கூறு வாயு 50 கோடி ஆண்டில் தீர வேண்டும். பால்வெளிக்கோ 1,000 கோடி ஆண்டுக்கு மேல் வயது. ஆகவே வெளியிலிருந்து புது வாயு வந்துகொண்டே இருக்கிறது, இறக்கும் நட்சத்திரங்களும் கொஞ்சம் திருப்பித் தருகின்றன.

கே: நான் பள்ளி மாணவி. தொலைநோக்கி இல்லை. இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி உண்டா?

ப: உண்டும்மா. ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் ஓரியனைத் தேடு. சிவந்த திருவாதிரையைப் பிடித்தால், பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றிலிருந்து வாள் போலச் சின்னதாய் ஒரு வரிசை பிரியும். அதன் நடுப்புள்ளி மட்டும் கூர்மையாக இராது, ஈரக்கண்ணால் பார்த்தது போலக் கலங்கித் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம், சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். அதை ஒளிரவைக்கும் நட்சத்திரங்களுக்கு வயது பத்து லட்சம் ஆண்டை ஒட்டித்தான். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போ. பத்து நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்.